எதிர்க்காற்றில் வந்த பலூன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற சமாசாரம் இல்லை இது.

விமானப்படையில் ஒரு விசாரணை அதிகாரி இருந்தார். எந்தத் தளத்து விமானியாவது வானத்தில் இன்னதென்று தெரியாத எதையாவது பார்த்தால், அல்லது ரேடாரில் புரியாத புள்ளி விழுந்தால், கேஸ் அவர் மேஜைக்குத்தான் வரும். வந்த நாற்பத்தோரு கேஸுக்கும் அவர் எழுதிய முடிவு ஒன்றுதான்: 'வானிலை பலூன்.' எழுதி எழுதிக் கை வலித்து, அதற்கென்று ஒரு ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்துக்கொண்டார்.

எல்லாரும் அவரை 'பலூன்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால்தான்.

அன்றைக்கு அவர் எதிரில் ஒரு இளம் விமானி நின்றான். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரேடார் அறையில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி.

"சார், நான் பாத்தது பலூன் இல்ல. நாலு நிமிஷம் என் இறக்கைக்குப் பக்கத்துலயே வந்துச்சு. அப்புறம் செங்குத்தா மேல போய் மறைஞ்சிடுச்சு."

"பலூன் மேலதான் தம்பி போகும்."

"இந்த அக்காவும் ரேடார்ல பாத்திருக்காங்க சார்!"

"பலூனுக்கு அடியில ஒரு பெட்டி தொங்கும். அது ரேடார்ல விழும்."

"அன்னிக்குக் காத்து மேற்கேயிருந்து அடிச்சுது. அது மேற்கே பாத்துப் போச்சு, என் விமானம் போன வேகத்துக்கு! எந்த ஊர் பலூன் சார் அப்படிப் போகும்?"

பலூன்காரர் ஸ்டாம்பைக் கையில் எடுத்தார். விமானி ஃபைலின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தான்.

"குத்தாதீங்க. நான் தலைமையகத்துக்கு எழுதப் போறேன். உண்மையைச் சொல்ல உங்களுக்கு முதுகெலும்பு இல்ல சார்."

"இருக்கறதை வச்சு ஓட்டிட்டிருக்கேன் தம்பி. எழுதுங்க."

எழுதினான். பத்தாம் நாள் தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி வந்து இறங்கினார். தானே விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். நெஞ்சு நிறையப் பதக்கம்.

"நீ பாத்தது பலூன் இல்ல. உறுதியாச் சொல்றியா?"

"உறுதியாச் சொல்றேன் சார்."

"நேர்மையான பையன். இதுல கையெழுத்துப் போடு."

"என்ன சார் இது?"

"விதி. இன்னதுன்னு சொல்ல முடியாத பொருளைப் பாத்த விமானியோட கண்ணையும் மூளையையும் டாக்டருங்க சோதிக்கணும். அவங்க முடிவு சொல்ற வரைக்கும் விமானத்துல ஏறக்கூடாது."

"முடிவு எப்ப சார் வரும்?"

"இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல."

விமானியின் கையில் பேனா அப்படியே நின்றுவிட்டது. விவரம் தெரிந்த நாளிலிருந்து பறப்பதைத் தவிர வேறெதையும் ஆசைப்பட்டவன் இல்லை அவன்.

பலூன்காரர் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

"அது பலூன்தான் சார்."

"காத்துக்கு எதிரா போயிருக்கே?"

"ஓட்டை சார்."

"என்னது?"

"பலூன்ல ஓட்டை. காத்து பின்பக்கமா பீறிட்டு, பலூன் முன்னால பாய்ஞ்சிருக்கு."

"நாலு நிமிஷமா?"

"பெரிய பலூன் சார்."

ரேடார் அறைப் பெண்மணி உதட்டைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள்.

பெரிய அதிகாரிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இத்தனை வருஷமா இப்படித்தான் எழுதிட்டிருக்கீங்களா? எல்லா ஃபைலையும் எடுங்க! ஒண்ணு விடாம பாக்கறேன்!"

பலூன்காரர் பீரோவைத் திறந்து நாற்பத்தொன்றையும் கொண்டுவந்து அடுக்கினார். நடுவிலிருந்து ஒன்றை உருவி, தூசி தட்டி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

பெரிய அதிகாரி அதைத் திறந்தார். இரண்டு வரி படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருபது வருஷத்துக்கு முந்தின ஃபைல் அது. பார்த்த விமானி என்ற இடத்தில் அவருடைய பெயரே இருந்தது. அந்த முடிவு அன்றைக்கு அவருக்குத் தபாலில்தான் வந்தது. எழுதியது யார் என்று அவர் கேட்டதே இல்லை.

"அன்னிக்கும் எதிர்க்காத்தா?" குரல் இறங்கியிருந்தது.

"ஆமா சார். அந்த வருஷமும் பலூன் தரம் சரியில்ல."

"பலூனைப் பாத்துப் பயந்துட்டோமேன்னு இருபது வருஷமா வெக்கப்பட்டிருக்கேன்யா... அப்போ அது பலூன் இல்லையா?"

"நீங்க இன்னும் பறக்கறீங்களா சார்?"

"இப்பக்கூடப் பறந்துதானே வந்தேன்."

"அப்ப பலூன்தான் சார்."

பெரிய அதிகாரி ஃபைலை மூடினார். பிறகு விமானியின் முன்னால் கிடந்த காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிப் போனார்.

விமானி பலூன்காரர் பக்கம் திரும்பினான். "முதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"எதுக்கு? பொய்யை ஒருத்தர் சொன்னாப் போதாதா?"

அப்போதுதான் அவன் சுவரைக் கவனித்தான். அவருக்குப் பின்னால் ஒரு பழைய படம். தலையில் விமானித் தொப்பியோடு, ஒரு விமானத்தின் மூக்கைத் தடவிக்கொண்டு சின்ன வயசு பலூன்காரர்.

"நீங்களும் விமானியா சார்? ஏன் விட்டீங்க?"

"நானும் ஒண்ணைப் பாத்தேன் தம்பி. ஆனா என் கேஸை விசாரிச்சவர் ரொம்ப நேர்மையான மனுஷன்."

சொல்லிவிட்டு, ஸ்டாம்பை மையில் அழுத்தி, நாற்பத்திரண்டாவது ஃபைலின் மேல் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.