ஏழு தலைமுறை ஷாம்பெயின்

“அந்த பாட்டிலைத் திறங்க சார். ஆளுக்கொரு வாய் குடிச்சிக்கினே பேசலாம்.”

ரோகிணி கேட்டதும் ஹாலில் வீசிக்கொண்டிருந்த கடற்காற்றே நின்றுபோன மாதிரி இருந்தது. மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறும்போதே தரகர் எல்லப்பன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “இன்னா வேணா கேளு பாப்பா, ஷோகேஸ்ல கீற பாட்டில மட்டும் கேட்டுடாத. நல்ல சம்பந்தம், கெட்டுப் பூடும்.”

அம்மா வசந்தா பட்டுப்புடவைக்குள் நெளிந்தபடி மகளின் தொடையில் கிள்ளினாள்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் தாமோதரன் காலையில்தான் சாயம் ஏற்றிய மீசையைத் தடவிக்கொண்டார். பக்கத்தில் அவர் மகன் ஷ்யாம், ஐ.டி.யில் கைநிறையச் சம்பளம், அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“சும்மா சரக்குன்னு நெனச்சியாம்மா? விண்டேஜ் ஷாம்பெயின்! வேலை விஷயமா பிரான்ஸ் போனப்ப வாங்கினது. திராட்சை அமோகமா வெளைஞ்ச வருஷத்துல மட்டும்தான் இதைப் போடுவாங்க. ஏழு தலைமுறையா ஒரே குடும்பம். சுண்ணாம்புப் பாறையைக் குடைஞ்சு, உள்ள அடுக்கி, ஒவ்வொரு பாட்டிலையும் கையால திருப்பித் திருப்பி வச்சு... பரம்பரைன்னா அது!”

“நல்ல காரியம் பேசத்தானே சார் வந்திருக்கோம்? இன்னைக்குத் திறக்காம பின்ன என்னைக்கு?”

“அதுக்கேத்த மனுஷங்க வரணும்ல?” தாமோதரன் வசந்தாவைப் பார்த்துச் சிரித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குடும்பத்துல டிகிரி முடிச்சதே இந்தப் பொண்ணு ஒருத்திதானாமே. உங்க அப்பாகூட மதுராந்தகத்துல யாரோ நெலத்துல...”

“ஏர் ஓட்டினாரு,” என்று வெட்டினாள் ரோகிணி. “அந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச மொத ஆளு எந்தப் பரம்பரை சார்? அவரும் என்னாட்டம் ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்தானே?”

ஷ்யாமுக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அப்பா முறைத்ததும் திரும்பவும் போனுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“இந்த வீட்டுக்கு வந்தா இவ்ளோ வாய் ஆகாதும்மா,” என்றார் தாமோதரன். மீசை துடித்தது.

வசந்தாவின் முகம் செத்துப்போனது. அதைப் பார்த்தபிறகு ரோகிணிக்கு யோசிக்க ஒன்றுமில்லை. பையைத் தோளில் மாட்டினாள், விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்புக்குள் காலை நுழைத்தபடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“வாம்மா, உனக்கு வேற மாப்பிள்ளை பாக்குறேன்.”