லீவ் என்று எழுதினால்

பதுளையில் இருந்த அந்தத் தேயிலைக் கம்பனி அலுவலகத்துக்கு 2005இல் ஒரு புதிய கணினி வந்தது. அதன் பலகையில் பேனாவால் ஆங்கிலத்தில் எழுதினால், கையெழுத்தைப் படித்து அச்செழுத்தாக மாற்றித் தரும். ஒவ்வொருவரின் கையெழுத்தையும் அதற்குப் பழக்குவது பிரசாந்தினியின் வேலை. எல்லோரும் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். மதுசூதனன் மட்டும் மூன்று கிழமையாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

“பாருங்க சேர், இவரு ‘லீவ்’னு எழுதுனா ‘லவ்’னு காட்டுது” என்றாள் அவள், மேலாளர் இரகுநாதனிடம்.

“இவர நமுனுகுல ஆபீசுக்கு மாத்திடுறேன். அங்க கொம்பியூட்டரே இல்ல.”

மதுசூதனனின் முகம் தொங்கிப்போனது.

“ஐயோ சேர், இவரு மேல பிழை இல்ல. மெஷின்தான் சரியில்ல!” என்று பதறினாள் பிரசாந்தினி.

இரகுநாதன் மறுநாளே கொழும்பிலிருந்து கணினி திருத்துபவரை வரவழைத்தார். அவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. இவரோட எழுத்த ஒவ்வொரு நாளும் ஒழுங்காத்தான் பழகியிருக்கு. ஆனா ஒவ்வொரு நாளும் பின்னேரம் யாரோ அத அழிச்சிருக்காங்க.”

“பாஸ்வேர்ட் யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டார் இரகுநாதன்.

பிரசாந்தினி தலையைக் குனிந்தபடி மெதுவாகக் கையை உயர்த்தினாள்.

அலுவலகமே கொல்லென்று சிரித்தது. மதுசூதனன் மட்டும் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

“அடப்பாவமே! அப்ப நான் மூணு கிழமையா கை வலிக்க வலிக்க வேணும்னே கோணல்மாணலா எழுதுனதெல்லாம் வீணாங்க?”