நாலு கைதட்டல்

அன்று மேடையில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை.

முதல் இரண்டு பாட்டும் அளந்து வைத்த மாதிரி முடிந்தன. பாடுகிற அண்ணன் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். தங்கச்சி வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பேண்டின் முதல் ஆல்பம் அன்றுதான் வெளியானது. மத்தியானம் வேனுக்குள் உட்கார்ந்து முதன்முறையாகக் கேட்டேன். எட்டுப் பாட்டிலும் டிரம்ஸ் என்னுடையது இல்லை.

வாசிக்கும்போது நான் தாளத்தை மீறி வேகமெடுத்து ஓடுகிறேனாம். ஒலிப்பதிவாளர் நான் வாசித்ததை எல்லாம் அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரிலேயே டிரம்ஸ் ஒலியை உருவாக்கிச் சேர்த்திருக்கிறார். அட்டையில் மட்டும் டிரம்ஸுக்கு நேராக என் பெயர்.

அண்ணனுக்கு ஒரு மாதமாகவே தெரியும். குரல் அவனுடையதாக இருந்தால் போதும், அடிக்கிற கை யாருடையதாக இருந்தால் என்ன?

“கேக்குறவங்களுக்கு என்ன தெரியப் போகுது? விடு” என்றான், வேன் கதவைச் சாத்திக்கொண்டே.

ஆல்பத்தை மறுபடி மறுபடி கேட்டு, அடிக்கு அடி மனப்பாடம் செய்தேன்.

மூன்றாவது பாட்டுதான் எங்களுக்குக் கூட்டம் சேர்த்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நிகழ்ச்சியில், கடைசிப் பல்லவிக்குச் சற்று முன்னால், என் கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கும்வரை டிரம்ஸ் இல்லை. முன்வரிசையில் யாரோ நாலு முறை கைதட்டி அந்த இடைவெளியை நிரப்பினார்கள். அடுத்த நிகழ்ச்சியில் மொத்தக் கூட்டமும் தட்டியது. பிறகு அந்த நாலு தட்டுக்காகவே வந்தார்கள். நானும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்காக நிறுத்தினேன்.

ஆல்பத்தில் அந்த இடைவெளியே இல்லை. அதையும் அடித்து நிரப்பியிருந்தார்கள்.

அந்த இடம் வந்தது. முந்நூறு பேர் கையைத் தூக்கினார்கள்.

நான் நிறுத்தவில்லை. ஆல்பத்தில் உள்ளபடியே, ஓர் அடிகூடப் பிசகாமல் அடித்துக்கொண்டே போனேன்.

தூக்கிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றன. ஒன்றிரண்டு தட்டுகள் தப்பான இடத்தில் விழுந்து அடங்கின. அண்ணன் பல்லவியை எடுக்க மறந்தான். கிடாரும் நின்றுபோனது. அரங்கு முழுக்க என்னையே பார்த்தது.

குச்சிகளைக் கீழே வைத்தேன். அண்ணன் திரும்பினான். நான் சொன்னது மைக் இல்லாமலேயே எல்லோருக்கும் கேட்டது.

“தெரிஞ்சிருச்சுண்ணே.”