ஆணி அறைந்த சிலை

மரக்கட்டைக்குப் பயப்படுகிற கடைசி மனிதனும் செத்துப்போனதுதான் நாகரிகத்தின் மாபெரும் வெற்றி என்று அருங்காட்சியகக் காப்பாளர் ரைன்ஹார்ட் சிரிக்காமல் அறிவித்தார். எதிரே, தன் ஊர்ச் சிலையைத் திருப்பிக் கேட்டுக் காங்கோவிலிருந்து வந்திருந்த லுக்கேனி. நடுவே, கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்த அந்த மரச்சிலை, உடம்பெல்லாம் ஆணியோடு. சத்தியம் செய்கிறவன் ஆணியை நாக்கால் தொட்டு அதில் அறைய வேண்டுமாம். பொய்யென்றால் அது அவனைத் தேடி வந்துவிடுமாம்.

"கட்டை எப்படிம்மா தேடி வரும்? டிக்கெட் எடுத்தா?"

"வராதுல்ல? அப்ப நீங்க சத்தியம் பண்ணுங்க, உங்க ஆளுங்க இதைத் திருடலைன்னு. நான் வெறுங்கையோட ஊருக்குப் போயிடுறேன். இல்லேன்னா இதைத் தூக்காம இந்த வாசலைத் தாண்ட மாட்டேன்." ஆணியை நீட்டினாள்.

"அரும்பொருள்ல ஆணி அடிக்கிறது குத்தம்மா. வாயால சொன்னா போதாதா?"

"தாராளமா. அது முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

இதென்ன பிரமாதம் என்று அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்துச் சிலையின் நெற்றியில் இல்லாத தூசியைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டை எப்படியோ அதன் கண்கள்மீதே தங்கிவிட்டது. பிறகு, சிலைக்குக் கேட்காத குரலில், "விலை கொடுத்து வாங்கினது" என்றார்.