அத்தை பார்த்து வைத்த பற்கள்

ஊசி போட்டதில் மேலுதடு மெல்ல மெல்ல அவளுடையது இல்லை என்று ஆகிக்கொண்டிருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்தாள். வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போல இருந்தது.

“மரத்துப்போச்சாம்மா? இன்னும் கொஞ்ச நேரம்” என்றார் பல் டாக்டர்.

வருங்கால மாமியார் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நகைக்கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவர் மாதிரி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதிருந்தே அத்தை என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம். அதற்குள் முன்பற்கள் பத்துக்கும் மெல்லிய பீங்கான் உறை ஒட்டியாக வேண்டும். செலவு முழுக்க அத்தையுடையது.

அந்தச் செலவுதான் அவளை உறுத்தியது.

அவளுடைய ஒரு வருடச் சம்பளம் அது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். இலவசமாகத் தருகிற கண்ணாடிக் கூட்டின் காசு எந்த ஃபிரேமின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவள். யாராவது சும்மா கொடுத்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

பல்லில் பெரிய குறையும் இல்லை. இடதுபக்கம் ஒரு பல் மட்டும் பக்கத்துப் பல்லின் மேல் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத பல் என்று அப்பா கேலி செய்வார். மற்றபடி அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அத்தையும் சொல்லவில்லை. குறை சொல்லாமலே சரிசெய்யக் கிளம்பியதுதான் அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

பின்னால் ஒருநாள் சொல்லிக் காட்டுவதற்காக இருக்குமோ? அப்பாவிடம் பெரிதாக எதையாவது கேட்கப் போகிறார்களோ? அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா எரிந்து விழுந்தாள்.

“தங்கமான மாமியார் கிடைச்சிருக்காங்க. நீ என்னடான்னா போலீஸ்காரி மாதிரி துருவிக்கிட்டிருக்க.”

தங்கம்தான். பார்லருக்குக் கூட்டிப்போய், இடுப்புவரை இருந்த முடியைத் தோள்வரைக்கும் வெட்டச் சொன்னதும் அத்தைதான். பிறகு வெளிர்நீலத்தில் வரிசையாக உடைகள் வாங்கிக் கொடுத்தார். அவளுக்கு வெளிர்நீலம் பிடிக்காது. அதைப் போட்டுக்கொண்டு முதன்முதலாக மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்றபோது அவன் முகம் வெளுத்துவிட்டது. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தக் கிளினிக்குக்கு முதல்முறை வந்தபோதும் அப்படித்தான். கைகழுவும் இடம் எந்தப் பக்கம் என்று அத்தை யாரிடமும் கேட்கவில்லை. நேராகப் போனார். இவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய கடைவாய்ப்பல்லை இங்கேதான் பிடுங்கியதாகச் சொன்னார். இருக்கலாம்.

டாக்டர் கையுறையை மாட்டினார்.

“முன்னாடியே சொல்லிடறேம்மா. பல்லை லேசா தேய்ச்சுட்டுத்தான் ஒட்ட முடியும். தேய்ச்சது தேய்ச்சதுதான், திரும்ப வளராது. சம்மதம்தானே?”

அவள் யோசிப்பதற்குள் அத்தை தலையாட்டிவிட்டார்.

டாக்டரின் உதவியாளர் பல் நிறங்களை வரிசையாகக் கோத்த பட்டையோடு வந்தாள். நடுத்தர வயது, கலகலப்பான பெண்மணி. பட்டையை அவளுடைய பல்லோடு வைத்துக்கூடப் பார்க்கவில்லை. நேராக அத்தையிடம் திரும்பினாள்.

“அதே கலர், அதே வடிவம்தானே மேடம்? முன்னாடி உங்க மருமகளுக்குப் போட்டோமே, அந்த அளவெல்லாம் பத்திரமா வெச்சிருக்கோம்.”

அத்தைக்கு ஒரே மகன்.

அவனுக்கு இது முதல் கல்யாணம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

எச்சிலை உறிஞ்சும் குழாயின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை பதறுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். யாரையோ சொல்கிறாயே என்று உதவியாளரை அதட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அத்தை குனிந்து, அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார். அந்த விரல்களில் நிஜமாகவே பிரியம் இருந்தது.

“அதேதான்” என்றார் அத்தை.

டாக்டரின் கையில் மெஷின் கிர்ரென்று சுழன்றது.

“வாயை நல்லா திறம்மா.”

அவள் திறக்கவில்லை. உதடு மூடியிருக்கிறதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கையால் பொத்திக்கொண்டாள். கழுத்திலிருந்த காகிதத் துணியைப் பிய்த்துப் போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். “பொண்ணு பயந்துட்டா டாக்டர்” என்று அத்தை சமாளிப்பது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

வரவேற்பறையில் செல்போனில் தலையைக் கவிழ்த்திருந்த மாப்பிள்ளை, அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?”

வாயோரம் எச்சில் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். குழறினால் குழறட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

“அவ இப்ப எங்க?”

‘எவ?’ என்று அவன் திருப்பிக் கேட்பதற்காகக் காத்திருந்தாள். உதவியாளர் ஆள் மாற்றிச் சொல்லியிருக்கலாம். வேறு யாருடைய மருமகளாகவோ இருக்கலாம். அந்த ஒரு வார்த்தையை அவன் கேட்டுவிட்டால் போதும்.

அவன் கேட்கவில்லை. அம்மா இன்னும் வரவில்லையே என்பதுபோல, அவளுக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்தான்.