கை எடை

"பதினோரு கிலோ. எழுதிக்க ஆத்தா," என்றார் சுந்தரலிங்கம்.

பெஞ்சில் கண் மூடிச் சாய்ந்திருந்த தவசிக்கு அந்தக் குரல் மேகமலைக்கு அப்பாலிருந்து வருவது போலக் கேட்டது. விடியற்காலைச் சாரலில் தன் வாழைத் தோட்டத்தில் நனைந்த உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ச்சல் மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு வந்தவர், தலை சுற்றவும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். மேலே மின்விசிறி சுற்றியது. கடையும் கூடவே மெல்லச் சுற்றியது.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். வாழைக்காய் மண்டி முதலாளியும் வியாபாரிகள் சங்கத் தலைவருமான சுந்தரலிங்கம், மூன்று வயதுப் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பிள்ளை துவண்டு கிடந்தது.

காலை எட்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்திருந்தார்கள். இப்போது மணி பதினொன்று, சூடு இறங்கவில்லை. ஆகவே அதே மருந்தை இப்போதே இன்னொரு தரம் ஊற்றுவது, கூடவே சளி மருந்தும் ஒரு மூடி கொடுப்பது என்று தலைவர் தீர்மானித்திருந்தார். சங்கத்தில் அவர் தீர்மானத்துக்கு மறுபேச்சு கிடையாது. காய்ச்சலும் அப்படியே கையைத் தூக்கிவிட்டுப் போய்விடும் என்று நினைப்பு.

மருந்து கொடுக்கும் ஷீபா மறுத்துவிட்டாள். சளி மருந்துக்குள்ளும் அதே காய்ச்சல் மருந்துதான் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் பிள்ளையின் ஈரல் தாங்காது என்றாள். ஆறு மணி நேரம் ஆகாமல் அடுத்த வேளை கூடாது என்றாள்.

"பிள்ளைக்கு வயசு பாத்து ஊத்தக் கூடாதுய்யா, எடை பாத்துத்தான் ஊத்தணும். பதினோரு கிலோன்னு எந்த மெஷின்ல பாத்தீக?"

சுந்தரலிங்கம் வலது கையை உயர்த்தினார். சங்க விழாவில் அந்தக் கைக்கென்றே போட்ட முலாம் காப்பு மின்னியது.

"முப்பது வருசமா தார் தூக்குற கை ஆத்தா. மெஷின் தப்பும், இது தப்பாது."

அந்தக் கையின் புகழ் சின்னமனூர் வட்டாரம் பூராவும் உண்டு. தோட்டத்தில் வெட்டிப் போட்ட வாழைத்தாரை ஒரு கையால் தூக்குவார். சாமி வந்தவர் போலக் கண்ணை மூடுவார். ஓர் எண் சொல்வார். அதுதான் எடை, அதற்குத்தான் விலை. அதன்பிறகு தராசைத் தேடுவது தெய்வக் குற்றம்.

தவசிக்குக் கண் சொருகியது. தாரெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டத்தை விட்டுக் கிளம்பின. பஞ்சு போல, பாரமே இல்லாமல், மலைப் பக்கம் மேகத்தோடு மேகமாக மிதந்து போயின. ஓடிப்போய்ப் பிடித்தார். கை பட்டதும் ஒவ்வொன்றும் இன்னும் லேசாகி மேலே போனது. நடுவில் அந்தப் பிள்ளையும் மிதந்து போனது.

பிள்ளையின் முனகல் அவரைத் திரும்பப் பெஞ்சுக்கு இறக்கியது. ஷீபா அதை எடை மெஷினில் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

பதினான்கு கிலோ.

"மூணு கிலோ கொறைச்சுச் சொல்லிட்டீக. காலையில ஊத்துன மருந்து பத்தாமக்கூட இருந்திருக்கும்."

மெஷின் கோளாறு என்றார் தலைவர். நிரூபிக்கிறேன் என்று பக்கத்துப் பலசரக்குக் கடையிலிருந்து ஒட்டுப் பிரிக்காத கோதுமை மாவுப் பை ஒன்று வரவழைத்தார். அதில் அச்சடித்திருந்ததைக்கூடப் பார்க்காமல் தூக்கினார். கண்ணை மூடினார்.

"நாலு."

மெஷினில் வைத்தார்கள். ஐந்து. பையிலும் ஐந்து என்றுதான் போட்டிருந்தது.

ஷீபா சீட்டில் எழுதியபடி தணிந்த குரலில் சொன்னாள். "ரெண்டு மணிக்கு நாலு மில்லி, அதுக்கு முன்னால வேணாம். வீட்டுக் கரண்டி வேணாம், இந்த அளவு மூடியிலதான் ஊத்தணும். சாயந்தரத்துக்குள்ள எறங்கலைன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிருங்க."

சுந்தரலிங்கம் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டார். கம்பீரம் மட்டும் குறையவில்லை. "என்ன இருந்தாலும் என் கை மாறாது ஆத்தா. எதத் தூக்குனாலும் ஒரே மாதிரிதான் சொல்லும்."

தவசி எழுந்து நின்றார். தலைசுற்றலைக் காணோம்.

"நெசந்தான் மொதலாளி," என்றவர் ஷீபாவின் பக்கம் திரும்பினார். "மாத்திரை இருக்கட்டும் தாயி. அந்த மெஷின ஒரு மணி நேரம் குடு. காலையில மொதலாளி கை வச்ச என் நூத்தியிருவது தாரும் இன்னும் லாரியில ஏறல."