எட்டு மணிச் சங்கு

"எட்டு மணின்னா எட்டு மணிதான்! சங்கு ஊதி முடிச்சா கேட்டைப் பூட்டிருவேன். பொறவு அய்யா சாமின்னு அழுது பிரயோஜனம் இல்ல!"

ராஜபாளையத்தில் அந்த பேண்டேஜ் துணி மில்லின் வாசலில் நின்று மேனேஜர் சேதுபதி கத்திக்கொண்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கிய ஏழெட்டுப் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக ஓடி வந்தார்கள். கடைசி ஆள் உள்ளே நுழையவும் சங்கு ஓயவும் சரியாக இருந்தது.

அவர்களோடு அவர்களாக ஸ்கூட்டியில் நுழைந்தாள் ரெனிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவள். அங்கே மடவார் வளாகத்தில் இருக்கும் வீட்டிலிருந்து கிளம்பவே தாமதமாகிவிட்டது. முதல் நாளே பேர் கெட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். எப்படியோ சங்கோடு சங்காக உள்ளே வந்துவிட்டாள்.

சரியான சிடுமூஞ்சி, இந்த ஆளுக்கு ஈரமே கிடையாது போல என்று நினைத்துக்கொண்டாள்.

வந்த வேலை இதுதான். ஆளின் முகத்தைப் பார்த்து வருகையைப் பதியும் புது சாஃப்ட்வேர் ஒன்றைச் சென்னையில் இருக்கும் முதலாளி வாங்கி அனுப்பியிருந்தார். சங்கை நேரத்துக்கு ஊத வைக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே அதையும் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து, முட்டி மோதிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"உன்னாலயும் ஆகலைன்னா விட்டுரும்மா. பழைய கம்ப்யூட்டர், ஏறலைன்னு முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்" என்றார் சேதுபதி.

ரெனிட்டாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஏறியது. கடைசியில் ஒரு சாவி எண் கேட்டது. செல்போனில் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியின் இணையதளத்துக்குப் போய் அந்த நிமிஷமே எண்ணை வாங்கிப் போட்டாள்.

'இந்தச் சாவி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்று சொல்லிவிட்டு, ஏறியதெல்லாம் பாதியில் நின்றது.

அழித்தாள். மிச்சம் மீதி ஃபைல்களைத் தேடித் துடைத்தாள். அணைத்துப் போட்டாள். புதுச் சாவி வாங்கினாள். மறுபடியும் அதே பல்லவி.

"இப்போ வாங்குன சாவி இப்போ செல்லாதுன்னா, பின்ன எப்போதான் செல்லும்?" என்று கம்ப்யூட்டரிடமே கேட்டாள்.

டீ நேரம் வந்தது. காலையில் கடைசியாக ஓடி வந்த அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெயர் இசக்கியம்மாள்.

"எந்த ஊரு அக்கா?"

"வன்னியம்பட்டி தாயி. பஸ் நேரத்தை மாத்துனதுலேர்ந்து இந்த ஓட்டந்தான். கேட்டைப் பூட்டிட்டா அன்னைக்குப் பொழப்பு போச்சு. மூணு நா அப்பிடிப் போனா ஆளையே நிறுத்திருவாக."

"எத்தனை நாள் பூட்டியிருக்காரு?"

"ஒரு நா கூட இல்ல! நாங்க எம்புட்டு பிந்தி வந்தாலும், நாங்க வந்த பொறவுதான் சங்கு ஊதுது. அந்த ஆண்டாள்தான் எங்களுக்காகச் சங்கைப் புடிச்சு வெச்சிருக்கா" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ரெனிட்டா சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். புதுச் சாவியைப் பார்த்து அடிக்க, செல்போனைக் கம்ப்யூட்டரோடு ஒட்டி வைத்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

செல்போனில் மணி பத்து நாற்பது. கம்ப்யூட்டரில் பத்து இருபத்தெட்டு.

அட! பத்து நாற்பதுக்குப் பிறந்த சாவியைப் பத்து இருபத்தெட்டில் நீட்டினால் அது எப்படி ஒத்துக்கொள்ளும்? பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்த கதைதான்.

மணியைச் சரியாக வைத்தாள். சாவியைப் போட்டாள். சாஃப்ட்வேர் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தது. பெருமை பிடிபடவில்லை அவளுக்கு.

"சார், யாரோ மணியைப் பன்னிரண்டு நிமிஷம் பின்னால திருப்பி வெச்சிருக்காங்க. சரி பண்ணிட்டேன். இனிமே யாரும் தொட முடியாதபடி பாஸ்வேர்டும் போட்டுட்டேன். அந்த ஆளைக் கண்டுபிடிச்சு முதலாளிகிட்ட சொல்லிருங்க."

சேதுபதியின் முகம் சுண்டிப்போனது.

"சொல்லுதேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு நல்ல வார்த்தை இல்லை.

கேட் வரை போனவளுக்குப் பென்டிரைவை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் ஆபீஸ் கதவைத் தள்ளினாள்.

கம்ப்யூட்டர் முன்னால் சேதுபதி குனிந்து உட்கார்ந்திருந்தார். திரையில் கடிகாரம் திறந்திருந்தது. நிமிஷத்தைப் பின்னால் தள்ளப் பார்க்கிறார். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. வேர்த்துக் கொட்டுகிறது மனிதருக்கு.

அவளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"அது... வந்து... சாயங்காலச் சங்கும் பன்னிரண்டு நிமிஷம் பிந்தித்தாம்மா ஊதுது. மில்லுக்கு ஒரு நிமிஷம் நட்டம் கிடையாது."

ரெனிட்டா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையில் இவரையா அப்படி நினைத்தோம்?

"அப்போ எதுக்கு சார் வாசல்ல நின்னு அந்தச் சத்தம் போடுறீங்க?"

"நான்தான்னு தெரிஞ்சா ஓடி வர மாட்டாளுகம்மா. நடந்து வருவாளுக. பொறவு இந்தப் பன்னிரண்டும் பத்தாது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாஸ்வேர்டை அடித்தாள். மணியைப் பன்னிரண்டு நிமிஷம் பின்னால் வைத்தாள்.

"ஒரு தடவை ஏறிட்டா அது மறுபடி சாவி கேக்காது சார். வருகையும் இந்த மணிப்படிதான் பதியும். இனிமே நீங்க வெச்சதுதான் மணி."

சேதுபதி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மணியைத் திருப்பினது யாருன்னு முதலாளி என்னைக்காவது கேட்டுட்டா?"

பென்டிரைவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே ரெனிட்டா சொன்னாள்: "ஆண்டாள்னு சொல்லிருங்க சார். இசக்கியம்மாக்கா சாட்சி சொல்லும்."